கூலிங் கிளாஸ் புற ஊதாவைத் தடுக்கிறதா? ஒரு டார்ச்சும் ரூபாய் நோட்டும் வைத்துப் பார்க்கலாம்

ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் கரையோரம் விற்கும் கூலிங் கிளாஸில் 'யூவி 400' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்; 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாவைத் தடுக்கும் என்று பொருள். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். லென்ஸ் கறுப்பாக இருப்பதும் சான்றில்லை. கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரியும். லென்ஸ் புற ஊதாவைத் தடுக்காவிட்டால், விரிந்த கண்மணி வழியாக அது கூடுதலாகவே உள்ளே போகும். உலர்ந்த கடல்மணல் சுமார் 15 சதவீதமும் அலைநுரை 25 சதவீதமும் புற ஊதாவைத் திருப்பியடிக்கின்றன. வெயிலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர இதுவும் ஒரு காரணம்.

வேண்டியவை: 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், 500 ரூபாய் நோட்டு, நிறமில்லாத சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டு, இருட்டறை. டார்ச் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 395. அது பளிச்சென்று ஊதா நிறத்தில் எரியும். அந்த நிறமே நோட்டின் ஒளிர்வை மறைத்துக் குழப்பும். முகப்பில் கறுப்பு வடிகட்டி போட்ட 365 டார்ச் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். மங்கல்தானே என்று அதை நேராகப் பார்க்கவோ, யார் முகத்திலும் அடிக்கவோ கூடாது.

முதலில் லென்ஸை நல்ல தண்ணியில் கழுவித் துடையுங்கள். உப்புக்காற்றில் படிந்த உப்போடும் மணலோடும் துடைத்தால் கீறல் விழும்.

நோட்டை மேசையில் விரித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து டார்ச்சை அடியுங்கள். வரிசை எண்ணும், தாளுக்குள் கிடக்கும் சின்னச் சின்ன இழைகளும் ஒளிரும். இப்போது ஜன்னல் கண்ணாடியை டார்ச்சின் வாயில் வையுங்கள். ஒளிர்வு ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். இருந்தால் சோதனை சரியாக நடக்கிறது. அடுத்து அதே இடத்தில் கூலிங் கிளாஸ். எண் முழுக்க அணைந்தால் லென்ஸ் 365-ஐத் தடுக்கிறது. மங்கலாகவாவது ஒளிர்ந்தால் ஒதுக்கிவிடுங்கள். இரண்டு லென்ஸையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லென்ஸை நோட்டின் மேல் வைத்து, அதன் வழியாகவே பார்ப்பார்கள். கறுப்பு லென்ஸ் ஒளிர்வையும் மறைத்துவிடும்; தேறாதது தேறியதுபோலத் தெரியும். லென்ஸ் டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், உங்கள் கண்ணுக்கும் நோட்டுக்கும் நடுவில் அல்ல. ஓரத்தில் ஒளி கசிந்தாலும் முடிவு தப்பும்; டார்ச் வாயை லென்ஸோடு ஒட்டிப் பிடியுங்கள்.

இதில் தேறியது 400 வரை தடுக்கும் என்று முழுதாகச் சொல்ல முடியாது. அதற்குக் கண்ணாடிக் கடையில் யூவி மீட்டர் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேறிய கண்ணாடி போட்டும் சூரியனையோ கிரகணத்தையோ பார்க்கக் கூடாது.

போலரைஸ்டு, அதாவது நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் கூச்ச ஒளியை வடிகட்டும் லென்ஸ், வேறு சமாச்சாரம். மொபைல் திரைக்கு முன்னால் லென்ஸைச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டால் போலரைஸ்டு. பாம்பன் பாலத்திலிருந்து பார்த்தால் கடலின் கண்கூச்சம் அடங்கும். புற ஊதாவை அது தடுக்கிறதா என்பதற்கு டார்ச் சோதனைதான்.

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் கம்ப்யூட்டர் கண்ணாடிக்குக் கடையில் ஊதா லேசர் பேனாவை அடித்து, ஒளி நின்றுவிட்டதைக் காட்டுவார்கள். அந்தப் பேனா 405 நானோமீட்டர். திரையின் நீலம் உச்சம் தொடுவதோ 450-ஐ ஒட்டி. ஆகவே அந்த வித்தை திரையைப் பற்றி எதையும் சொல்லாது. மொபைலில் முழுநீலப் படம் ஒன்றை வைத்து, பாதியை லென்ஸ் வழியாகவும் பாதியை வெறுங்கண்ணாலும் பாருங்கள். நிறமில்லாத 'புளூ கட்' லென்ஸில் வித்தியாசம் லேசாகத்தான் இருக்கும். அடர் மஞ்சள் அல்லது ஆரஞ்சு லென்ஸில் நீலம் கறுத்துப்போகும். 450-ஐ நன்றாகத் தடுக்கும் லென்ஸ் நிறமில்லாமல் இருக்கவே முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, இத்தகைய கண்ணாடிகள் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கூடுதல் காசு கேட்டால் அதைப் பவர் பரிசோதனைக்குப் போடுங்கள்.