புதுக் கடை திறக்கிறீர்களா? முதலில் மாடி வீட்டுக்குப் போய் வாருங்கள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறேன். அளவு எடுக்கும்போது பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கவேண்டும். அதனால் பேசுவார்கள். தெருவில் புதிதாக ஒரு கடை வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு. அந்தக் கடைக்காரர் காதில் இது விழவே விழாது. என் காதில் முழுவதும் விழும். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள், நல்ல சரக்கு வைத்திருந்தவர்கள்கூடத் தெருவோடு ஒட்டாமல் ஷட்டரை இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். நம்மைப் போன்ற தெருவில் கடை போட வருகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தில் மூன்று வேளை போய் நில்லுங்கள். காலை ஆறு மணி, பகல் பதினொரு மணி, இரவு ஒன்பதரை. தண்ணீர் கேன் வண்டி எங்கே நிற்கிறது, பள்ளி வேன் எந்த வாசலில் திரும்புகிறது, எந்த வீட்டுப் பாட்டி எந்தப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார் என்று பாருங்கள். நாளைக்கு உங்கள் வாடிக்கையாளரின் வண்டி அந்தப் படிக்கு முன்னால்தான் நிற்கப்போகிறது.

கூடவே, அதே இடத்தில் முன்பு என்ன கடை இருந்தது என்று விசாரியுங்கள். எங்கள் தெருவில் ஒரு மாவு மில் இருந்தது. அதை நடத்தியவர் வயதாகிவிட்டது என்று ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பையன் பழச்சாறுக் கடை போட்டான். வந்தவர்கள் எல்லாரும் “மில்லை எடுத்துவிட்டார்களே” என்று அவனிடமே கோபித்துக்கொண்டார்கள், ஏதோ இவன்தான் அதைப் பிடுங்கி எறிந்த மாதிரி. அவன் வாதாடவில்லை. ஒரு சிலேட்டில் அடுத்த மாவு மில் எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை அரைப்பார்கள் என்று எழுதி வாசலில் தொங்கவிட்டான். மிளகாய் அரைக்க டப்பாவோடு வந்தவர்கள் சிலேட்டைப் படித்துவிட்டு, வெயிலுக்கு ஒரு சாத்துக்குடிச் சாறும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது மாடி வீடு. தச்சர் சுத்தியலைத் தூக்குவதற்கு முன்னால் மேலே போய்விட வேண்டும். எத்தனை நாள் வேலை நடக்கும், ஏசியின் வெளிப்பெட்டி எங்கே வரும், சமையல் உண்டென்றால் புகைக்குழாய் யார் ஜன்னல் பக்கம் திரும்பும் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கடை போட்ட முதல் தீபாவளிக்கு நள்ளிரவு வரை மெஷினில் மோட்டாரை ஓடவிட்டேன். மேல் வீட்டுப் பெண் அந்த ஆண்டு பிளஸ் டூ. அவள் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே கடந்து போவார். ஆனால் அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு துணிகூடத் தைக்க வரவில்லை. காரணத்தை இஸ்திரி வண்டிக்காரர்தான், பெட்டியில் கரி போட்டுக்கொண்டே சொன்னார். மறுநாளே மெஷின் கால்கள் நான்குக்கும் கீழே பழைய டயர் ரப்பரை வெட்டிப் போட்டேன். இரவு ஒன்பதுக்கு மேல் மோட்டாரைத் தொடுவதில்லை; கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் கைவேலை. பொங்கலுக்கு அந்த அம்மா நான்கு ரவிக்கைத் துணி கொண்டுவந்தார். அப்போதும் மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ ஹாரனே இதைத் தாண்டிவிடும் என்பது வேறு விஷயம். புகார் என்று வந்துவிட்டால் ஹாரன் ஓடிப்போயிருக்கும், உங்கள் கடை அங்கேயே நிற்கும். பெயர்ப்பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்கவேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு என்றால் ஆங்கிலத்துக்கு மூன்று. தேநீர்க் கடை என்றால், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கு 2019 ஜனவரி முதல் தடை இருப்பதை மறக்காதீர்கள். எல்லாக் கடையிலும் ஓடுகிறதே என்பீர்கள். புதுக் கடையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இனி, திறந்த பிறகு வரும் பேச்சு. நேரில் வந்து சத்தம் போடுகிறவரைக் கண்டு பயப்படாதீர்கள். பாதிப்பேர் மறுவாரம் சாமான் வாங்க வருவார்கள். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைப்பவர்கள் பெரும்பாலும் வாயே திறக்காதவர்கள். “இதற்கு தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கே போய்விடலாமே” என்று ஒருவர் சொன்னால் அது விலையைப் பற்றியது. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்த பிறகு அந்தப் பக்கம் போவது இன்னும் சுலபம். அவர்களோடு விலையில் போட்டி போடாதீர்கள். மழை பெய்து, அந்தப் பக்கம் போகும் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் ஒரு வீட்டுக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்து வாங்கி வையுங்கள்.

“வாசனை தாங்கவில்லை” என்ற புகாரில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். எங்கள் தெருவில் பிரியாணிக் கடை வந்தபோது என் கடையில் அளவு கொடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேர் வாசனையைத்தான் சொன்னார்கள். அதில் இரண்டு வீட்டுக்கு உண்மையிலேயே புகை சமையலறைக்குள் போனது. கடைக்காரர் தன் செலவில் குழாயை மொட்டைமாடிக்கு மேல் உயர்த்தினார். அந்த இரண்டு வீடும் அடங்கிவிட்டன. மீதிப் பேருக்குக் குழாயை வானம் வரை உயர்த்தினாலும் போதாது. அவர்களுக்குப் புகை பிரச்சினை இல்லை, இந்தத் தெருவில் கறி வேகிறது என்பதுதான் பிரச்சினை. அதற்கு எந்தக் கடைக்காரரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நானும் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்று சொல்லிவிட்டு டேப்பை இறுக்கிப் பிடித்தேன்.

அதே பிரியாணிக் கடையில் உணவு எடுத்துப்போக வரும் பையன்கள் பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் வண்டியை நிறுத்தினார்கள். இந்தக் கோபம் நியாயமானது. கடைக்காரர் “இங்கே நிறுத்தாதே” என்று பலகை வைத்தார், யாரும் படிக்கவில்லை. பிறகு தன் ஷட்டர் ஓரமாக ஒரு பெஞ்சும் ஒரு மண்பானைத் தண்ணீரும் வைத்தார். வெயிலில் வந்த பிள்ளைகள் தாமாகவே அங்கே போய் நின்றார்கள்.

திறப்பு நாளுக்கு ஒலிபெருக்கி வேண்டாம். பால் காய்ச்சுங்கள், சர்க்கரை போட்டு எதிர்வீடுகளுக்குக் கொடுங்கள். திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். ஒரு ஸ்கூட்டர் சறுக்கினால் அன்றைக்கே கெட்ட பெயர். ஓரமாக உடையுங்கள், வழிபாடு முடிந்ததும் ஆள் போட்டுக் கூட்டி அள்ளுங்கள், அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நீங்கள் கூட்டுவதை நான்கு ஜன்னல்களாவது பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆயுத பூஜைக்குப் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் பொட்டலம் கட்டும்போது வீடுகளை எண்ணிக்கொண்டு கட்டுங்கள். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் மட்டும் ஒன்பது வீடு, கீழே காவலாளி ஒருவர். காவலாளியை விட்டுவிடாதீர்கள், உங்கள் வாசலில் யார் வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.