சீலிங் பெயிண்ட் உரிகிறதா? ரோலரைத் தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன மாதம் என் தங்கை மகன் போன் செய்தான். திருச்சி உறையூர் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோயிருக்கிறான். ஹால் சீலிங்கில் முன்பிருந்தவர்கள் அடித்த டெக்ஸ்ச்சர் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து தொங்குகிறது. "மாமா, நானே பண்ணிடலாம்னு சாமான் எல்லாம் வாங்கிட்டேன். ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்றான். போனால் ரோலர், உப்புத்தாள், பட்டி மாவு மூட்டை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு டப்பா. வீட்டுக்கு உள்பக்கம் அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பெயிண்டிங் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறைத்தான் இவனும் செய்யப் போகிறான்.

சாமான்களை மூடாமல் சுரண்டுவது, பிரைமர் அடிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. நன்றாக வேலை செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே செய்கிற தவறுகள்தான் பணத்தைத் தின்கின்றன.

கறை இருக்கும் இடத்தில்தான் ஒழுகுகிறது என்று நினைப்பது

மொட்டை மாடியில் இறங்குகிற தண்ணீர் நேராகக் கீழே வருவதில்லை. தளத்துக்குள் போகிற கம்பியையும் வயர் குழாயையும் பிடித்துக்கொண்டு பல அடி தூரம் நகர்ந்துதான் வெளியே தலைகாட்டும். ஃபேன் மாட்டிய இடத்தைச் சுற்றிக் கறை வருவது பெரும்பாலும் இதனால்தான். அங்கே ஈரம் இருந்தால் மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள்.

மேலே போய் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: மழைத்தண்ணீர்க் குழாயின் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டி நிற்கிற மேடையின் அடி. சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) போட்டுத் தட்டோடு பதித்த மாடி என்றால் ஓடுகளின் இடுக்கையும் பாருங்கள். அங்கே கலவை கரைந்து போயிருக்கும். சிறு செடி முளைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையா? குழாய் வாயைத் துணியால் அடைத்து, பகுதி பகுதியாகப் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விடுங்கள். 100 சதுர அடியில் ஓர் அங்குலம் என்றால் சுமார் 235 லிட்டர், அதாவது 235 கிலோ பாரம். சீலிங்கில் ஏற்கெனவே விரிசல் விட்டுக் காரை பெயர்ந்திருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

தண்ணீரைக் கீழேயிருந்து தடுக்கப் பார்ப்பது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம் இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு, மாடியில் படுக்கையறை. கட்டிலுக்கு நேர் மேலே சீலிங் ஊறி, பெயிண்ட் தாள் தாளாக உரிந்தது. மாடித் தளத்தைப் பிரித்துப் போட்டால் செலவு அதிகம், உள்ளேயே நல்ல பூச்சு அடித்து நிறுத்திவிடலாம் என்று சொன்னவன் நான்தான். அவரும் என்னை நம்பினார். சுரண்டி, வாட்டர்ப்ரூஃப் இரண்டு கோட் அடித்து, அதன்மேல் பட்டி, பிரைமர், எமல்ஷன். அந்த வருடத்து மழைக்கு ஒரு சொட்டுக் கறை இல்லை. அவர் சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு வீட்டு வேலை பிடித்துக் கொடுத்தார்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்து ஒரு நாள் விடிகாலையில் போன் வந்தது. சீலிங்கிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் காரையும் கான்கிரீட்டுமாகப் பெயர்ந்து கட்டில் மேல் விழுந்திருக்கிறது. அவர் காபி போட எழுந்து போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் போய் விழுந்த துண்டைக் கையில் எடுத்தேன். நான் அடித்த பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே பளபளவென்று இருந்தது. திருப்பினால் பின்பக்கத்தில் கம்பியின் தடம், செங்காவி நிறத்தில், விரலை வைத்தால் ஒட்டிக்கொள்கிற ஈரத்துடன். மேலே பார்த்தேன். கம்பி பொருக்குப் பொருக்காகத் துருப்பிடித்துத் தொங்கியது.

நடந்தது இதுதான். மேலேயிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. முன்பு அது சீலிங் வழியாகக் கசிந்து காய்ந்துவிடும். பெயிண்ட் உரியும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஈரம் வெளியேற வழி இருந்தது. நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். தண்ணீர் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைச் சுற்றி ஊறியது. கான்கிரீட்டின் காரத்தன்மை இரும்பைத் துருவிலிருந்து காக்கும். ஆனால் வருடம் ஆக ஆகக் காற்று ஏறி அந்தக் காரம் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் ஈரமும் சேர்ந்தால் துரு ஆரம்பித்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். கம்பிக்குக் கீழே அதை மூடியிருக்கிற கான்கிரீட்டோ (கவரிங்) 20 மில்லிமீட்டர் அளவுதான், பழைய வீடுகளில் அதுவும் இருக்காது. உள்ளேயிருந்து நெம்பினால் அது என்ன செய்யும்? பெயர்ந்து விழத்தான் செய்யும்.

இன்னொன்றும் யோசியுங்கள். மாடியில் பூச்சு அடித்தால் தண்ணீரின் எடை அதைத் தளத்தோடு சேர்த்து அழுத்தும். அதே பூச்சைக் கீழே அடித்தால் வருகிற தண்ணீர் அதைப் பின்னாலிருந்து தள்ளும். ஒரே பொருள்தான், அடித்த பக்கம் தப்பு.

அந்த அறைக்கு முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னால் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி, கம்பியைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துரு தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக வைத்துச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. மாடித் தளத்தையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. முதலிலேயே மாடியை மட்டும் பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல் பல மடங்கு. அந்த நஷ்டம் எனக்கல்ல, அவருக்கு. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

இன்றைக்கும் "சீலிங் ஊறுது" என்று கடையில் போய் நின்றால் பல இடங்களில் முதலில் எடுத்து நீட்டுவது இந்த டப்பாவைத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தலைக்கு மேலே தொங்குகிற விஷயம் இது. மேல் மாடி குளியலறையிலிருந்து ஒழுகினாலும் கதை இதேதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுக்காரரிடம் பேசுவது சங்கடம்தான், ஆனால் அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க உங்கள் சீலிங்கை அடைக்காதீர்கள்.

சீலிங்கில் அரை அடிக்கு ஒன்றாக, கோடு போட்டமாதிரி நேர் விரிசல்கள் தெரிந்தால், செந்நிறக் கறை இருந்தால், தட்டும்போது 'பொத் பொத்' என்று பொள்ளல் சத்தம் வந்தால், அது பெயிண்டர் வேலை இல்லை. ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்பது

மாடியைச் சரிசெய்த மறுநாளே உள்ளே வேலை ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. தளத்துக்குள் குடித்த தண்ணீர் வெளியேற நல்ல வெயிலிலேயே வாரக்கணக்கில் ஆகும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை, பெயிண்டைச் சுரண்டி எடுத்த இடத்தில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். மாலையில் ஒட்டினால் மறுநாள் மதியம் வரைக்கும் இருக்கட்டும், குறைந்தது 16 மணி நேரம். பிரிக்கும்போது தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலும், சீலிங் கருத்திருந்தாலும் பொறுங்கள்.

பழைய சுண்ணாம்பின் மேல் பட்டி பார்ப்பது

உள்ளங்கையால் சீலிங்கை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால் அடியில் சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பட்டி வைத்தாலும் அது பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பொடியைத்தான். பட்டி கெட்டியாகும்போது அடியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு தகடாக வரும். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டிக் கழுவ வேண்டும். சலிப்பான வேலைதான், கழுத்து வலிக்கும். வேறு வழியில்லை.

டெக்ஸ்ச்சரில் தொங்குவதை மட்டும் பிய்ப்பது

டெக்ஸ்ச்சர் சீலிங்கின் பிரச்சினையே, மேடு பள்ளத்துக்குள் பொரிந்த இடம் ஒளிந்துகொள்வதுதான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை சீலிங்கை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். உப்பியிருப்பது நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டைக் கத்தியால் கீறிவிட்டு அப்புறம் சுரண்டுங்கள். கீறாமல் இழுத்தால் நன்றாக ஒட்டியிருக்கும் பக்கத்து டெக்ஸ்ச்சரும் சேர்ந்து வரும்.

சுரண்டிய இடத்தை வழவழவென்று பட்டியால் நிரப்பிவிட்டால் பெயிண்ட் அடித்த பிறகு அது ஒட்டுப் போட்ட துணி மாதிரி தெரியும். பட்டியைச் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக நிறுத்துங்கள். பிரைமர் அடித்துக் காய்ந்ததும் டெக்ஸ்ச்சர் கலவையைப் பூசி, ஈரம் இருக்கும்போதே ஸ்பாஞ்சாலோ டெக்ஸ்ச்சர் ரோலராலோ ஒற்றி எடுங்கள். பழைய வடிவம் எதனால் வந்தது என்பது முதலில் பிடிபடாது. ஓர் அட்டையில் நாலைந்து முறை ஒற்றிப் பார்த்து, கை பழகிய பிறகு மேலே போங்கள். கடைசி எமல்ஷனை அந்த ஒட்டில் மட்டும் அடிக்காமல் சீலிங் முழுக்க அடிக்க வேண்டும்.

பட்டியை ஒரே தடவையில் அப்புவது

ஒரு கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

அடுப்படி சீலிங்கை உலர்வாகத் தேய்ப்பது

பழைய வீடுகளில் புகைக்கறையைத் துடைக்க வசதியாக அடுப்படியில் எனாமல் அடித்திருப்பார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை உலர்வாகப் போட்டால் அந்தத் தூள் முழுக்க மூச்சில் போகும், குழந்தைகள் தவழ்கிற தரையில் படியும். ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும். முகமூடி கட்டாயம்.

ஐப்பசியில் ஆரம்பிப்பது

வேண்டாம். தை பிறக்கட்டும்.

தங்கை மகன் அந்த டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். மாடியில் தண்ணீர் தேக்கிப் பார்த்ததில் குழாய் வாயைச் சுற்றித்தான் இறங்குகிறது என்று தெரிந்தது. கொத்தனாரை வைத்து அதைப் பிரித்துப் பூசியாகிவிட்டது. நேற்று போய் சீலிங்கில் ஒட்டிய தாளைப் பிரித்தோம். ஒரு மூலையில் இன்னும் நாலைந்து துளி இருந்தது. "இன்னும் பத்து நாள் போகட்டும்டா" என்று சொல்லி, புதுத் தாள் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தேன்.