சுக்கான் மண்ணில் மக்காச்சோளம்: எருவும் துத்தநாகமும் சேர வேண்டிய விதம்

திருப்பூர் மாவட்டம் குடிமங்கலத்துக்குக் கிழக்கே எங்களுக்கு நான்கு ஏக்கர் தோட்டம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீரும் ஒரு போர்வெல்லும் பாசனம். புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்து, தையில் அறுத்து, பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்குக் கொடுக்கிறோம். மண் பார்வைக்குச் செம்மண்தான்; ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், தட்டும். என்னைப் போன்ற மண்ணை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மண் பரிசோதனை. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு சாண் ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுங்கள். எருக்குவியல் கிடந்த இடம், வரப்போரம், மரநிழல் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ அனுப்பினால் போதும். எங்கள் மண்ணின் கார அமில நிலை 8.3, அதாவது கார மண், என்று வந்தது. மண்ணைத் திருத்த சுண்ணாம்பு போடு என்ற அறிவுரை புளிப்பு மண்ணுக்கானது. சுக்கான் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. அதனால்தான் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் குருத்து வெளுத்து நின்றால் அது துத்தநாகக் குறை.

இதற்கு நான் கண்ட வழி, துத்தநாகத்தை எருவுக்குள் வைத்துக் கொடுப்பது. ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட், 150 கிலோ நன்றாக மக்கிய தொழு உரம். இரண்டையும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாகி விட்டால் உதிரும் ஈரத்துக்குத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு ஒரு மாதம் மூடி வையுங்கள். ஆவணி பிறந்ததும் நான் இதை மாட்டுக் கட்டுத்தரை ஓரத்தில் வைத்துவிடுவேன். எருவில் உள்ள மக்கு துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வெறுமனே தூவினால் சுண்ணாம்பு அதைக் கட்டிவிடும். விதைக்கும்போது இதைப் பாரின் (மண் மேட்டு வரிசையின்) ஓரத்தில் இடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டுடனோ டி.ஏ.பி.யுடனோ ஒரே கூடையில் கலக்கவே கூடாது. அந்த உரங்களில் உள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் சேர்ந்தால் இரண்டும் கரையாமல் போகும்.

தொழு உரம் ஏக்கருக்கு 5 டன். இரண்டரை டன் பிடிக்கும் எங்கள் டிரெய்லரில் இரண்டு லோடு. குப்பைக்குழியில் ஆறு மாதம் கிடந்ததா என்று பார்த்து எடுங்கள். எங்கள் அப்பாரு (தாத்தா) குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். சூடு தட்டினால் இன்னும் மக்கவில்லை என்று அன்றைக்கு வண்டி திரும்பிவிடும். எரு இறக்கியதும் அன்றே இறைத்து அன்றே உழுதுவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆவணி வரை எங்கள் பக்கம் ஓயாது. சின்னச் சின்னக் குவியலாகப் பத்து நாள் காயப் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய், சக்கை மட்டும் மிஞ்சும்.

எரு போதாதவர்கள் தென்னை நார்க்கழிவையும் கோழி எருவையும் நாடுகிறார்கள். நானும் நாடினேன், தவறாக. ஒரு வருடம் நார்க்கழிவைப் பச்சையாகவே அரை ஏக்கரில் கொட்டி உழுதேன். இருபதாம் நாள் பயிர் முழுக்க மஞ்சளாகி, மேலே யூரியா போட்டும் நிமிரவில்லை. பச்சை நார்க்கழிவில் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தை எடுத்துத் தின்றுவிட்டன. கோழி எருவில் நேர் எதிர்: தழைச்சத்து அதிகம், பச்சையாக இட்டால் முளையைக் கருக்கும். ஆகவே இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மருந்தாக்கலாம். நிழலில் நார்க்கழிவு ஓர் அடுக்கு, கோழி எரு ஓர் அடுக்கு என்று இடுப்புயரம் அடுக்கி, நடுவில் சிப்பிக் காளான் வித்து தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் கறுத்து, குவியல் தாழ்ந்து, மண்வாசம் வரும்.

மக்கியதா என்ற சந்தேகம் இருந்தால், ஒரு கொட்டாங்குச்சியில் அந்த உரத்தை நிரப்பிப் பத்துப் பாசிப்பயறு போடுங்கள். குறைந்தது எட்டுப் பயறு முளைத்துப் பச்சையாக நிற்க வேண்டும். முளை கருகினால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். அந்த மஞ்சள் வருடத்துக்குப் பிறகு இந்தச் சோதனை இல்லாமல் ஒரு கூடைகூட நான் வயலுக்கு எடுத்ததில்லை.

கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ. 2018-இல் படைப்புழு வந்த பிறகு இதை விட்டதேயில்லை. மண்ணில் கூட்டுப்புழுவாகும் பருவத்தில் அதற்கு இடைஞ்சல். தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லம் ஏக்கருக்கு நான்கு பொட்டலம், அதாவது 800 கிராம், பத்துக் கிலோ தொழு உரத்தில் கலந்து ஈரமண்ணில் இடலாம். கடையில் வரும் வீரிய விதை பூஞ்சாணக்கொல்லி பூசியே வருகிறது, ஆகவே விதையில் தடவுவதைவிட மண்ணில் இடுவது நல்லது. ரசாயன உரத்தோடு இதையும் கலக்க வேண்டாம்.

எரு மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாசனத்தில் வீரிய ரகம் ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து கேட்கும். 5 டன் தொழு உரத்தில் இருப்பது 25 கிலோ அளவு; அதிலும் முதல் வருடம் ஒரு பகுதிதான் பயிருக்கு வரும். மீதிக்கு யூரியா வேண்டும். கால் பங்கு விதைப்பில், பாதி 25-ஆம் நாள் மண் அணைக்கும்போது, மீதிக் கால் 45-ஆம் நாள். ஈரம் இருக்கும்போது இட்டு, உடனே மண்ணால் மூடுங்கள். கார மண்ணில் மேலே கிடந்தால் ஆவியாகிவிடும். எரு செய்யும் வேலை வேறு. மண் பொலபொலவென்று இருப்பதும், முறை வைத்து விடும் எங்கள் வாய்க்கால் தண்ணீர் ஒருநாள் தள்ளி வந்தாலும் இலை சுருளாமல் நிற்பதும் எருவால்தான்.

இவ்வளவும் செய்து குருத்து வெளுத்தால், லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை.