தொடையிடுக்கு வலியைக் கேள்வித்தாளில் பிடிப்பது எப்படி?

வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன்களுக்கு நான் பிசியோ. சீசனுக்கு முன்பு எல்லோருக்கும் ஹாகோஸ் (HAGOS) என்ற, தொடையிடுக்குத் தொல்லையை ஆட்டக்காரரே குறித்துக் காட்டும் கேள்வித்தாளைக் கொடுப்பேன். 2011இல் டென்மார்க்கிலிருந்து வெளியானது. 37 கேள்விகள், ஆறு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். 100 வந்தால் தொல்லையே இல்லை.

தமிழாக்கத்தில்தான் கவனம் வேண்டும். முதல் வரைவில் ‘ஹிப்’ என்பதை, அதாவது தொடை எலும்பு சேரும் மூட்டை, ‘இடுப்பு’ என்று எழுதிவிட்டோம். ஒரு விங்கர் வலி அதிகம் என்று குறித்திருந்தான். எங்கேடா என்றால், முதுகுக்குக் கீழே கை வைத்துக் காட்டினான்! இப்போது தாளின் தலைப்பிலேயே உடம்புப் படம் போட்டு, தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தைச் சிவப்பு மையால் தீட்டிவிடுகிறேன். இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். அப்புறம் நாலைந்து ஆட்டக்காரர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்; தடுக்குகிற இடம் தெரிந்துவிடும்.

நிரப்பும்போது கோச் பக்கத்தில் நிற்க வேண்டாம். டீமில் இடம் போய்விடும் என்று பயந்து வலியை மறைப்பார்கள், பாவம். கடந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் குறைந்தவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, நீட்டிய கால்களின் கணுக்கால்களுக்கு நடுவே உங்கள் முன்கையை வைத்து, ஐந்து விநாடி முழு பலத்தோடு நெருக்கச் சொல்லுங்கள். பத்துக்கு எவ்வளவு வலி? இரண்டு வரை ஆடலாம். மூன்று முதல் ஐந்து என்றால் பயிற்சியைக் குறைத்துக் கவனியுங்கள். ஆறும் அதற்கு மேலும் என்றால் ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.