கிளைப் பெயரைச் சாவியாக வைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்துதான் செம்பனைத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். நிரலில் செய்யும் மாற்றங்களைக் கிட் என்ற கருவி பதிந்து வைக்கிறது, ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். எந்தத் தோட்டத்தில் எந்தக் கமிட் ஓடுகிறது என்று காட்ட ஒரு பக்கம் உண்டு. திறக்கும் போதெல்லாம் அது கமிட்டுகளைப் பட்டியலிடும் ‘கிட் லாக்’ கட்டளையை ஓட்டி ஆறு விநாடி காக்க வைத்தது. வந்த விடையைக் கேச்சில் (மறுபடி கணக்கிடாமல் எடுத்துத் தரும் சேமிப்பில்) போட்டேன், பக்கம் பறந்தது. மறுநாள், ஒரு முறை புதுப்பித்தால் திங்கட்கிழமைத் திருத்தம் தெரிகிறது. மறுமுறை புதுப்பித்தால் காணவில்லை.

இப்படி மாறி மாறி வந்தால், சர்வரில் எத்தனை நிரல்கள் ஓடுகின்றன என்று முதலில் எண்ணுங்கள். என்னிடம் இரண்டு, ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் தனிக் கேச் வைத்திருந்தது. பொதுக் கோப்புக்கு மாற்றினேன். (எழுதும்போது வேறு பெயரில் எழுதி முடித்து, பிறகு பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாதிக் கோப்பை இன்னொன்று படித்துவிடும்.) மாறி மாறி வருவது நின்றது. இப்போது எல்லாருக்கும் ஒரே பழைய விடை!

கோளாறு சாவியில், அதாவது கேச்சில் ஒரு விடையைத் தேடி எடுக்கும் பெயரில், இருந்தது. ‘மெயின்’ என்ற கிளைப் பெயரைச் சாவியாக்கியிருந்தேன். (கிளை என்பது ஒரு கமிட் வரிசையின் கடைசிக் கமிட்டைக் காட்டும் பெயர்.) அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், கேட்டுவிட்டுச் சிரித்தார். “கங்காணி பெயரைச் சொல்லி எத்தனை ஆள் என்று கேட்டால், பெரட்டுக்குப் பெரட்டு விடை மாறும். செக்ரோல் எண்ணைச் சொல்லிக் கேள்.” (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுப்பது, செக்ரோல் என்பது தொழிலாளர் பதிவேடு.) கிளையும் அப்படித்தான், புதுக் கமிட் வந்ததும் நகர்ந்துவிடும். கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் 40 எழுத்து அடையாளமான ஹாஷ் நகராது. உள்ளடக்கம் மாறினால் அது வேறு ஹாஷ், வேறு கமிட்.

ஆகவே ஒவ்வொரு முறையும் ‘கிட் ரெவ்-பார்ஸ் மெயின்’ ஓட்டி ஹாஷைப் புதிதாகக் கேளுங்கள். அதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. அந்த ஹாஷைச் சாவியாக வைத்து, நேரம் தின்னும் லாக் விடையை மட்டும் சேமியுங்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில வாரம் கழித்து, ஒரே கமிட்டின் சுருக்கிய ஹாஷ் கேச்சில் 7 எழுத்தாகவும் நேரடி ஓட்டத்தில் 8 எழுத்தாகவும் வந்து என் ஒப்பீட்டைக் குழப்பியது. 2.11 பதிப்பிலிருந்து, களஞ்சியம் (கமிட்டுகள் எல்லாம் இருக்கும் இடம்) பெருகப் பெருக ஹாஷின் சுருக்கத்தைக் கிட் தானே நீட்டிக்கொள்கிறது. சுருக்கத்தைச் சேமிக்காதீர்கள், முழு ஹாஷை வைத்து, காட்டும்போது வெட்டுங்கள். ‘மூன்று நாள் முன்பு’ போன்ற தேதிகளுக்கும் இதே கதிதான், அவை சேமித்த அன்றே பழசாகத் தொடங்கும். தேதியை முழுதாகச் சேமியுங்கள். கமிட்டோடு பின்னர் ஒட்டும் ‘கிட் நோட்ஸ்’ குறிப்புகளும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் காட்டும் ‘ரிப்ளேஸ்’ மாற்றங்களும் ஹாஷ் மாறாமலே லாக் வெளியீட்டை மாற்றும். எனக்கு அவை தேவையில்லை, கட்டளையிலேயே அணைத்துவிட்டேன். கட்டளையோடு தரும் விருப்பங்களையும் கிட்டின் பதிப்பு எண்ணையும் சாவியில் சேர்த்துக்கொள்ளுங்கள். விருப்பத்தை மாற்றிவிட்டுக் கேச்சை அழிக்க மறப்பவர் நான் ஒருத்தி மட்டும் இருக்கமாட்டேன்.

இப்போது இரவு இரண்டு மணிக்கு ஒரு சிறு நிரல் எல்லாக் கிளைகளையும் கேச் வழியாக ஒரு முறை, கேச் இல்லாமல் ஒரு முறை ஓட்டி, ‘டிஃப்’ (வேறுபாடுகளின் பட்டியல்) எடுத்து வைக்கிறது. காலையில் தேநீரோடு அந்தக் கோப்பைத் திறக்கிறேன். ஒரு வரி இருந்தாலும் அன்றைக்குக் கேச் அணைந்திருக்கும்.