ஷெட்டில் நிற்கும் கார் நள்ளிரவில் அலறினால்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரிய வீடுகள் பலவும் வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் ஓட்டுவதற்காக வாங்கிப் போட்ட கார் மட்டும் பின்கட்டை ஒட்டிய ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும். அப்படி நிற்கும் காரின் அலாரம் ஆளரவமற்ற தெருவில் இரவு 3 மணிக்கு அலறத் தொடங்கினால், அணைக்கச் சாவி வைத்திருப்பவர் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். உறவினர் வீட்டுக் கார்கள் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வாய்த்ததால், இந்தப் பழுதை எந்த வரிசையில் தேடுவது என்பதைக் கொஞ்சம் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் அலாரம் அடிக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானில் ஒரு காருக்கு எலக்ட்ரீஷியன் ஒருவர் அதிர்வு சென்சாரை இரண்டு முறை மாற்றிப் பணம் வாங்கிய பிறகும் அலறல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, தூக்கம் கெட்ட கோபத்தில், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் மூன்று நேரங்களை எழுதி வைத்திருந்தார்: 2.40, 3.15, 4.05. மூன்றும் வெவ்வேறு இரவுகள். ஆனால் மூன்றுமே விடியலுக்கு முன். பகலில் ஒரு முறை கூட இல்லை. அதிர்வுதான் காரணமென்றால் லாரியும் பேருந்தும் போகும் பகலில் அல்லவா அடித்திருக்க வேண்டும்? அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நான் பேட்டரியின் பக்கம் திரும்பினேன்.

நின்றுகொண்டே இருக்கும் காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியைத்தான். கார் பூட்டியிருந்தாலும் அலாரம், கடிகாரம், ரிமோட்டை எதிர்பார்த்திருக்கும் பெட்டி ஆகியவை சிறிது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் கூட, ஒரு மாதத்தில் ஏறத்தாழ 22 ஆம்பியர் மணி போய்விடுகிறது. சிறிய கார்களில் பொதுவாக இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் சில அலாரங்கள் அதை யாரோ வயரை வெட்டுவதாக எடுத்துக்கொண்டு கத்துகின்றன. கதவு திறந்து உள்விளக்கு எரிந்ததாக எடுத்துக்கொள்ளும் பழைய அலாரங்களும் உண்டு. பின்னிரவில் குளிர்ச்சியால் பேட்டரி இன்னும் கொஞ்சம் சோர்வதால், விளிம்பில் நிற்பது அப்போதுதான் விளிம்பைத் தாண்டுகிறது.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கார் சில மணி நேரம் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடுங்கள். 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் வேறெதையும் தேடாமல் முதலில் சார்ஜ் செய்யுங்கள். எஞ்சினை ஓட விட்டு அளந்தால் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறை, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கிறது. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவித் துடைத்து, கிளாம்பை முறுக்குங்கள். தளர்ந்த கிளாம்பும் இதே வேலையைச் செய்யும்.

வாட்ச்மேனிடம் வாரம் ஒரு முறை காரை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்வது இங்கே பலர் வீட்டில் வழக்கம். அதனால் பேட்டரிக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது என் கருத்து. ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம் ஐந்து நிமிட ஐடிலில் முழுமையாகத் திரும்புவதில்லை. பாதி சார்ஜில் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட, பேட்டரிகளையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்க, நம் ஷெட்களில் பேட்டரி இப்படிச் சாவது கொஞ்சம் வேடிக்கைதான். ஓட்டுவதானால் அரை மணி நேரமாவது, திருமயம் வரையாவது, ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் காரில் மீட்டர் 11.9 காட்டியது. சார்ஜ் செய்ததும் இரவு அலறல் நின்றது. ஆனால் நான்கு நாள் கழித்து ஒரு நண்பகலில் மீண்டும் அடித்தது. அப்போதுதான் பானெட்டைத் தூக்கி நன்றாகப் பார்த்தேன். தேங்காய் நாரும் கிழிந்த துணியும் கொண்டு எலி ஒன்று கூடு கட்டியிருந்தது. அருகில் ஓடிய மெல்லிய வயரின் மேலுறை கடிபட்டுச் செம்பு தெரிந்தது. அந்த வயர் பானெட் சுவிட்சுக்குப் போவது.

இந்தச் சுவிட்ச் பானெட் மூடினால் அழுந்தும் சிறு பித்தானாக இருக்கும், அல்லது பூட்டுக்குள்ளேயே அமைந்திருக்கும். புழுதியும் துருவும் ஏறினால் அது பாதியில் நிற்கும். பானெட்டின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் முழுதாக அழுந்தாது. வெயிலில் தகடு சிறிது விரிந்தாலும் தொடர்பு விட்டுப்போகலாம். நண்பகல் அலறலுக்கு இதைத்தான் முதலில் பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பித்தானை இருபது முறையாவது அழுத்தி விடுங்கள். வெளியில் வாங்கிப் பூட்டிய அலாரமானால், பெரும்பாலும் பானெட் திறக்கும்போது சுவிட்ச் எர்த்தை, அதாவது காரின் உடல் தகட்டை, தொடும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே அதன் வயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றி இரண்டு இரவு விட்டுப்பார்த்து, சத்தம் இல்லையென்றால் குற்றவாளி அதுவே என்று கொள்ளலாம். கம்பெனியிலிருந்தே வந்த அலாரத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். கழற்றுவதையே பானெட் திறந்ததாக எடுத்துக்கொள்ளும் வண்டிகள் உண்டு. கதவு, டிக்கி சுவிட்சுகளைச் சோதிப்பது எளிது: ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, டேஷ்போர்டில் கதவுக் குறி சரியாக எரிந்து அணைகிறதா என்று பார்த்தால் போதும்.

அதிர்வு சென்சார் இதற்குப் பிறகுதான். திருவிழா வெடிச் சத்தத்துக்கும் கலியாண வீட்டு ஜெனரேட்டருக்கும் மட்டும் அலறினால் அதைக் குற்றம் சொல்லலாம். டேஷ்போர்டின் அடியில் தீப்பெட்டி அளவில் இருக்கும். கட்டிய டேக் அறுந்து தொங்கினாலே தானாக அடிக்கும். திருகில் கால் சுற்று மட்டும் குறைத்து, கார் பூட்டியிருக்கையில் கண்ணாடி ஓரத் தூணை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். டேஷ்போர்டின் அடியில் கை வைக்கும்போது மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடாதீர்கள். அவை ஏர்பேக்குக்குப் போகின்றன.

காருக்குள் அசைவைக் கவனிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இருந்தால், வெக்கைக்காக ஒரு விரலளவு இறக்கி வைத்த கண்ணாடியும், உள்ளே தொங்கும் மணிமாலையும், இடுக்கு வழியாகப் புகுந்த பல்லியும் போதும். ரிமோட்டையும் மறக்க வேண்டாம். மாற்றுச் சாவியை அலமாரியில் பத்திரக் கட்டுக்கு அடியில் வைத்து, அதன் பித்தான் அழுந்தியே கிடந்த வீடும் எனக்குத் தெரியும். சி.ஆர். 2032 வகை வில்லை பேட்டரி போட்ட ரிமோட்டானால், அது 3 வோல்ட் அருகே காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மாதக்கணக்கில் பூட்டிப் போவதாயிருந்தால், மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது. முதலில் மைனஸ், திரும்பப் பூட்டுகையில் மைனஸ் கடைசி. ரிமோட்டால் மட்டுமே திறந்து பழகிய காரென்றால், கேபிளைக் கழற்றும் முன் சாவித் துவாரம் வேலை செய்கிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சைரனுக்குள் தனி பேட்டரி உள்ள அலாரம், கேபிளைக் கழற்றியதும் கத்தும். சைரனின் பக்கத்தில் சிறு சாவி ஒன்றுக்கான துளை இருந்தால், அதை அணைத்த பிறகு கழற்றுங்கள். கழற்ற மனமில்லாதவர்கள் வாட்ச்மேனுக்கு ஒரு சாவியும், பானெட் திறக்கும் லீவர் எங்கே என்பதையும், கேபிளைக் கழற்றும் முறையையும் காட்டிவிட்டு, பெரும்பாலான கார்களின் கிளாம்புக்குப் பொருந்தும் 10 எண் ஸ்பேனர் ஒன்றை ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டி வையுங்கள்.