டக்கார் பினாலேவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

ஆப்பிரிக்காவின் இன்றைய கலையை ஆப்பிரிக்க மண்ணிலேயே பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய ஊர், செனகலின் தலைநகரான டக்கார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஏறக்குறைய ஒரு மாதம், அங்கே டக்-ஆர்ட் என்ற பினாலே, அதாவது கலைக் கண்காட்சி விழா, நடக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் ஆப்பிரிக்கக் கலைக் காட்சிகளுக்குக் குறைவில்லைதான். ஆனால் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை அங்கே ஐரோப்பியக் கேலரிகள் முடிவு செய்கின்றன. டக்காரில் அந்தப் பொறுப்பு செனகல் அரசு அமர்த்தும் கலை இயக்குநரிடமும், படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் காட்சியை அமைக்கும் க்யூரேட்டர்களிடமும் இருக்கிறது. இதுவரை எந்தப் பினாலேவுக்கும் போகாதவர்களை, கலை பற்றித் தனியாகப் படிக்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: தேதி உறுதியான பிறகே டிக்கெட்

வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் நடக்கும் விழா இது. ஆனால் அந்த வழக்கத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 2020இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. 2024 மே மாதம் தொடங்க இருந்ததை, நாட்டில் ஆட்சி மாறிய கையோடு, சில வாரங்களே மிச்சம் இருந்தபோது ஒத்திவைத்தார்கள். நவம்பர் 7 முதல் டிசம்பர் 7 வரை அது நடந்தது. பெரும்பகுதி அரசுப் பணத்தில் ஓடும் விழாவில் இதெல்லாம் சகஜம். ஆகவே தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பரவாயில்லை.

எந்த வாரம் போவது? தொடக்க வாரத்தில் கலைஞர்கள், கேலரிக்காரர்கள், பத்திரிகையாளர்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். பேச்சுக்கும் விருந்துக்கும் பஞ்சமே இருக்காது. ஆனால் சில அறைகளில் அப்போதும் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள், புரொஜெக்டர் வேலை செய்யாது, பெயர்ப்பலகை ஒட்டியிருக்க மாட்டார்கள். டக்-ஆர்ட் மீது பல ஆண்டுகளாக இருக்கும் புகார் இது. படைப்புகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டாவது வாரம் போங்கள்.

படி 2: மஞ்சள் காய்ச்சல் ஊசி

இதை விட்டுவிட்டால் திரும்பி வரும்போது வம்பு. செனகல் மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடு. அங்கிருந்து இந்தியா வருகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு, நாள், நேரம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு போங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் செனகல் தூதரகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஃபோனில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை இணையம் இல்லாமலே இயங்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருக்கும்.

படி 3: போவதற்கு முன் அரை மணி நேர வரலாறு

செனகலின் முதல் குடியரசுத் தலைவர் லெயோபோல்ட் செதார் செங்கோர் ஒரு கவிஞர். 1966 ஏப்ரலில் அவர் டக்காரில் நடத்திய முதல் உலகக் கறுப்பினக் கலை விழாவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் கலைஞர்கள் திரண்டு வந்தார்கள். இந்த ஊருக்குக் கலை நகரம் என்ற பெயர் அப்போதே வந்துவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு பக்கக் கதை உண்டு. திராவிடப் பண்பாட்டுக்கும் ஆப்பிரிக்கப் பண்பாட்டுக்கும் உறவு உண்டு என்று செங்கோர் நம்பினார். 1974இல் சென்னை வந்தபோது உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பற்றியே உரையாற்றினார். டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆப்பிரிக்க ஆய்வுக்கு இடம் அமைத்துக் கொடுத்தார், தமிழறிஞர் க.ப. அறவாணன் அங்கே போய்ப் பணியாற்றினார். அந்த உறவுக் கொள்கையை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம்.

பினாலே தொடங்கியது 1990இல். முதல் பதிப்பு இலக்கியத்துக்கு, 1992இல் நடந்த அடுத்தது ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக் கலைகளுக்கு. 1996 முதல் ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். கண்டத்தில் வாழ்கிறவர்களோடு, வெளியே குடியேறிய ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இதில் அடக்கம். 2024இல் பெரும்பரிசு பெற்ற அன்யெஸ் பிரெசெஃபான், கரீபியக் கடலில் உள்ள மார்டினிக் தீவைச் சேர்ந்தவர்.

படி 4: 'இன்' எது, 'ஆஃப்' எது

டக்காரில் எல்லோர் வாயிலும் புழங்கும் இரண்டு சொற்கள் இவை. 'இன்' என்றால் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்த அதிகாரப்பூர்வக் காட்சி. 'ஆஃப்' என்றால் நகரமெங்கும் தனியார் தாங்களாகவே நடத்தும் காட்சிகள். எண்ணிக்கையில் 'ஆஃப்' நூற்றுக்கணக்கில் போகும்.

'இன்' காட்சியில் தொடங்குங்கள். 2016 முதல் அதன் முக்கிய இடம், தீபகற்பத்தின் தென்முனையான கேப் மனுவேலில் இருக்கும் பழைய நீதிமன்றக் கட்டடம். பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில் கட்டியது. கட்டடம் ஆபத்தானது என்று 1990களில் நீதிமன்றத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட, இது பாழடைந்து கிடந்தது. உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாகத் தூண்கள் நிற்கும் பெரிய கூடம். நடுவே வானம் தெரியும் முற்றம். சுற்றிலும் விசாரணை அறைகள். பினாலேவுக்காக முதலில் திறந்தபோது பழைய வழக்குக் காகிதங்கள் சில அறைகளில் அப்படியே கிடந்தன. வெள்ளைச் சுவரும் குளிர்சாதனமும் உள்ள கேலரியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெயர்ந்த காரை, கறை படிந்த தரை, கடற்காற்று எல்லாம் சேர்ந்ததுதான் காட்சி. 2016இல் பெரும்பரிசு பெற்ற எகிப்தியர் யூசுஃப் லிமூத் இடிபாடுகளைக் கொண்டு ஒரு சிதைந்த நகரத்தை இங்கே தரையில் அமைத்தார். எது படைப்பு, எது கட்டடம் என்ற குழப்பத்தை அந்த இடமே இலவசமாகக் கொடுத்தது.

இந்தக் கட்டடத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் போய்விடுங்கள். தண்ணீர் பாட்டில், தட்டையான செருப்பு அவசியம்.

படி 5: படைப்பின் முன் நின்று என்ன செய்வது

முதல் தடவை போகிறவர்கள் திணறுவது இங்கேதான். "இதற்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வியோடு போனால் மூன்றாவது அறையிலேயே அலுப்புத் தட்டிவிடும். அதை ஒதுக்கிவிட்டு, "இது எதனால் ஆனது?" என்று கேளுங்கள். ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. அங்கே பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

மாலி நாட்டின் அப்துலாயே கொனாத்தேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 டக்-ஆர்ட்டில் பெரும்பரிசு வாங்கியவர். மாண்டே வேட்டைக்காரர்களுக்கு அஞ்சலியாக அவர் செய்த பெரிய துணிப்படைப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் மண் நிறத்தில் ஒரு தட்டி. கிட்டே போனால் ஒவ்வொரு அங்குலத்திலும் தாயத்துகளும் சோழிகளும் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருப்பது தெரியும். மேற்கு ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் போகும்போது அணியும் சட்டையில் இப்படித்தான் தாயத்துகளைத் தைத்துக்கொள்வார்கள். இந்த ஒரு தகவல் தெரிந்தால் போதும், படைப்பு பேச ஆரம்பித்துவிடும். அவருடைய பிற்காலப் படைப்புகளில் சாயம் தோய்த்த பருத்தித் துணியை விரல் அகல நாடாக்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தைத்திருப்பார். காற்று அடித்தால் இறகு மாதிரி அசையும்.

செனகல்காரரான ந்டாரி லோ கட்டடக் கம்பிகளை வெல்டிங் செய்து, நெடுநெடுவென்று நடந்துபோகும் மனிதர்களைச் செய்தார். 2002, 2008 என்று இரண்டு முறை பெரும்பரிசு அவருக்கு. நைஜீரியாவின் ஒலு அமோதா ஆணிகளையும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் சேர்த்துச் சூரியகாந்திப் பூ செய்வார். உஸ்மான் ஸோ பல ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டுச் சிற்பத்துக்கு வந்தவர். ஆளைவிடப் பெரிய மல்யுத்த வீரர்களைத் தானே ஊறவைத்துத் தயாரித்த ஒரு கலவையால் வடித்தார். தசை எங்கே இழுக்கும், எங்கே தளரும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது சிற்பத்திலேயே தெரியும். டக்காரில் அவர் வாழ்ந்த வீடு 2018 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஆக, பழகும்வரை இந்த வரிசையைப் பின்பற்றலாம். முதலில் பத்தடி தள்ளி நின்று மொத்தமாகப் பாருங்கள். பிறகு கிட்டே போய்ப் பொருளைப் பாருங்கள். தையல், முடிச்சு, துரு, ஒட்டு எல்லாவற்றையும். அதன் பிறகு பக்கவாட்டிலிருந்து. கடைசியாகப் பெயர்ப்பலகை. பலகையை முதலில் படித்தவர்கள் பலகையில் எழுதியிருப்பதை மட்டுமே பார்த்துவிட்டு வருவார்கள். காணொளிப் படைப்புகளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போவதில் குற்றமே இல்லை.

ஒரு நாளைக்குப் பத்துப் படைப்புகளை ஒழுங்காகப் பார்த்தால் போதும். மற்றவற்றைக் கடந்து போங்கள்.

படி 6: ஊருக்குள் இறங்குங்கள்

என் விருப்பத்தைக் கேட்டால் 'இன்'னைவிட 'ஆஃப்'தான் சுவாரசியம். தரம் ஏறி இறங்கும். ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மோசமான ஓவியங்களையும், அடுத்த தெருவில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் அபாரமான ஒன்றையும் பார்ப்பீர்கள். பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை. காட்சிப் பட்டியலும் வரைபடமும் கிடைக்கும். எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லேஜ் தெ ஸார் என்ற கலைக் கிராமத்தைத் தவறவிடாதீர்கள். ஸ்டேடியத்தைக் கட்ட வந்த சீனத் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாம் அது. இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களின் பட்டறை. கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம், வேலை நடப்பதைப் பார்க்கலாம், பேசலாம்.

கேமரூனில் பிறந்த கொயோ குவோ நிறுவிய ரா மெட்டீரியல் கம்பெனி என்ற கலை மையம், வாசிக்கவும் விவாதம் கேட்கவும் ஏற்ற இடம். 2026 வெனிஸ் பினாலேவுக்குக் க்யூரேட்டராக அறிவிக்கப்பட்ட அவர் 2025 மே மாதம் காலமானார். இந்த மையத்தில் 2014 பினாலேயின்போது தன்பாலின உறவு பற்றி வைத்த காட்சி தாக்குதலுக்கு உள்ளாகி, பாதியிலேயே மூடப்பட்டது. எல்லாவற்றையும் காட்டலாம் என்ற ஊர் இல்லை இது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கோரே தீவுக்குத் துறைமுகத்திலிருந்து படகு போகிறது. ஏறக்குறைய இருபது நிமிடப் பயணம். அடையாளச் சான்றைக் கையில் வைத்திருங்கள். அடிமை வணிகத்தின் நினைவிடமான அடிமைகளின் வீட்டை முதலில் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு தீவில் நடக்கும் காட்சிகளைப் பார்க்கும் கண் வேறாக இருக்கும்.

படி 7: டாக்ஸி, வணக்கம், கேமரா

கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன் பேரம் பேசி முடித்துவிடுங்கள். ஏறிய பிறகு பேசினால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். சில்லறை நோட்டு வைத்திருங்கள், பெரிய நோட்டை மாற்றித் தர யாரிடமும் இருக்காது.

எதைக் கேட்பதானாலும் முதலில் நலம் விசாரிப்பது அங்கே மரியாதை. "நங்க தெஃப்?" என்று கேளுங்கள், நன்றிக்கு "ஜெரெஜெஃப்". வோலோஃப் மொழியில் இந்த இரண்டைச் சொன்னாலே முகம் மலரும். படைப்புகளைப் படம் எடுப்பதற்கு முன் காவலரிடமும், மனிதர்களைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடமும் கேளுங்கள். ஒரு பட்டறையில் அத்தாயா தேநீர் தருகிறார்கள் என்றால் அடுத்த வேலையை மறந்துவிடுங்கள். மூன்று சுற்று வரும், ஒவ்வொன்றுக்கும் வெகு நேரம் ஆகும், சுற்றுக்குச் சுற்று இனிப்பு ஏறும். கலைஞரோடு பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

படி 8: ஏதாவது வாங்க நினைத்தால்

பெரிய பெயர்களை நம்மால் தொட முடியாது. கையில் அடங்குவது சூவேர் என்ற கண்ணாடி ஓவியம். கண்ணாடியின் பின்புறத்தில் வரைவார்கள்: முன்னால் தெரிய வேண்டிய கோட்டை முதலில் போட்டு, நிறத்தை அதற்குப் பிறகு நிரப்பி, பின்னணியைக் கடைசியாகப் பூச வேண்டும். வரைகிறவரை ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவரிடமே வாங்குங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, துணிகளால் சுற்றி, கைப்பையில் எடுத்து வாருங்கள். செக்-இன் பெட்டியில் போட்டால் தூளாகத்தான் திரும்பி வரும். துணி ஓவியம் என்றால் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி உருட்டித் தரச் சொல்லுங்கள். கலைஞரின் பெயர், விலை, தேதி போட்டு ஒரு ரசீதும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.